சரக்கை நிறுத்தினால் கிரிமினல். வாடகையை நிறுத்தினால் சிவிலா?

வடசென்னையில் ஒரு போலீஸ் ஸ்டேஷன். இரவு பத்து மணி இருக்கும். செயின் பறிப்பு கேஸ் ஒன்றின் விவரம் கேட்க நாம் அங்கே உட்கார்ந்திருந்தோம்.

கையில் மஞ்சள் பையுடன் ஒருவர் உள்ளே வந்தார். வயது ஐம்பதை நெருங்கும். காக்கிச் சட்டை முழுக்க கிரீஸ் கறை. அவர்தான் டிரைவர், அவரேதான் முதலாளி. இருப்பது ஒரே ஒரு டிரெய்லர் லாரி. அதை ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் 'அட்டாச்' போட்டு ஓட்டுகிறார்.

பையை மேஜை மேல் கவிழ்த்தார். விழுந்ததெல்லாம் சீட்டுகள். டீசல் சீட்டு, எடை மேடைச் சீட்டு, பென்சிலில் எழுதிய துண்டுச் சீட்டு.

"பதினோரு டிரிப்பு சார். நாலு மாசமா பாக்கி வரல. போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறாங்க. நேர்ல போனா 'அக்கவுண்ட்ஸ் ஆள் லீவு, அப்புறம் வா'ன்றாங்க" என்றார்.

ஏட்டு சீட்டுகளைப் புரட்டிப் பார்த்தார். "இதுல கம்பெனி பேரு எங்கய்யா இருக்கு? கையெழுத்து எங்க? இது சிவில் மேட்டரு. கோர்ட்டுக்குப் போ" என்றார்.

"அப்ப நாளைக்கு அவங்க லோடை ஏத்திக்கிட்டு, பாக்கி வர்ற வரைக்கும் என் வீட்டு வாசல்ல நிறுத்திக்கட்டுமா சார்?"

"நிறுத்திப் பாரு. உன் மேலதான் கேஸ் வரும்."

ஏட்டு பொய் சொல்லவில்லை. சட்டத்தைத்தான் சொன்னார். சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு அந்த மனிதர் வெளியே போனார்.

செயின் பறிப்பு மறுநாள் பேப்பரில் வந்தது. பதினோரு டிரிப்பு வாடகை பறிபோனது வரவில்லை. அதைத்தான் இன்று எழுதுகிறோம்.

பேர்தான் முதலாளி

ரோட்டில் போகிற லாரியின் கதவில் ஒரு பெரிய கம்பெனியின் பெயர் எழுதியிருக்கும். வண்டி அந்தக் கம்பெனியுடையது என்று நாம் நினைத்துக்கொள்வோம். பல நேரம் அப்படி இல்லை. வண்டிக்குச் சொந்தக்காரர் தண்டையார்பேட்டையிலோ, மாதவரத்திலோ, நாமக்கல்லிலோ, சங்ககிரியிலோ இருக்கும் ஒரு சாதாரண ஆள். நிலத்தை அடகு வைத்து, மனைவியின் நகையை விற்று, மீதிக்கு பைனான்ஸ் வாங்கி வண்டி எடுத்தவர்.

அவரிடம் லோடு கிடையாது. லோடு கம்பெனியிடம் இருக்கிறது. கம்பெனியிடம் போதுமான வண்டி கிடையாது. அது இவரிடம் இருக்கிறது. இருவரும் சேர்ந்தால்தான் சரக்கு நகரும். வண்டியைக் கம்பெனிக்கு ஒப்பந்தமாக விட்டு ஓட்டினால் 'அட்டாச் வண்டி'. அன்றன்றைக்கு புரோக்கர் மூலம் லோடு பிடித்தால் 'மார்க்கெட் வண்டி'.

பேர்தான் முதலாளி. டீசல், டயர், டிரைவர் சம்பளம், பேட்டா, சுங்கம், இன்சூரன்ஸ், ரோடு வரி, எப்.சி., மாதத் டியூ எல்லாம் அவர் தலையில். ஆனால் வாடகை எவ்வளவு, எப்போது தருவது, எதைப் பிடிப்பது என்று முடிவு செய்வது கம்பெனி. செலவுக்கு முதலாளி, வரவுக்குக் கூலியாள்!

பாக்கிதான் கூலி

லாரி ஆபீசில் வாடகையை இரண்டாகப் பிரித்துத் தருவார்கள். லோடு ஏற்றும்போது அட்வான்ஸ். சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு பாக்கி. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் கணக்கைப் பாருங்கள்.

உதாரணத்துக்கு ஒரு லோடு. பேசிய வாடகை 40 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அட்வான்ஸ் 30 ஆயிரம். அதில் பாதிக்கு மேல் டீசல் பங்க்கிலேயே போய்விடும். சுங்கம், பேட்டா, ஏற்றுக் கூலி, வழிச் செலவு எல்லாம் போக, வண்டி திரும்பும்போது டிரைவர் பையில் சில நூறு ரூபாய் மிஞ்சினால் அதிர்ஷ்டம்.

ஆக அட்வான்ஸ் என்பது ரோட்டில் எரிந்துபோகிற காசு. பாக்கி இருக்கும் 10 ஆயிரத்தில்தான் வண்டியின் டியூ இருக்கிறது. பிள்ளையின் ஸ்கூல் பீஸ் இருக்கிறது. வீட்டு அரிசி இருக்கிறது.

பாக்கி என்பது ஏதோ மிச்ச சொச்சம் அல்ல. அதுதான் அந்த மனிதனின் கூலி. பாக்கியை நிறுத்துகிறவன் கூலியை நிறுத்துகிறான்.

அந்த 10 ஆயிரமாவது முழுசாக வருகிறதா?

சரக்கு சேர்ந்ததற்கு முத்திரை குத்தி வாங்கும் ரசீதுக்கு லாரி ஆபீசில் 'பி.ஓ.டி.' என்று பேர். அது தாமதமா? பிடித்தம். இரண்டு மூட்டை நனைந்ததா? டேமேஜ் பிடித்தம். எடையில் பத்து கிலோ குறைந்ததா? ஷார்ட்டேஜ் பிடித்தம். புரோக்கர் கமிஷன் தனி. ஆபீஸ் மாமூல் தனி. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, 10 ஆயிரம் 5 ஆயிரமாகக் கையில் வரும். அதுவும் இரண்டு மாதம் கழித்து.

டேமேஜ் ஆனதற்கு சரக்குக்காரர் உண்மையிலேயே பணம் பிடித்தாரா, இல்லை இவர்களாகவே பிடித்துக்கொண்டார்களா? லாரிக்காரருக்குத் தெரியாது. கேட்டால் "பார்ட்டி பிடிச்சிட்டான்" என்ற ஒரே பதில். பார்ட்டி யார் என்றுகூடச் சொல்ல மாட்டார்கள்.

வருமான வரி என்று சொல்லி டி.டி.எஸ். பிடிப்பதும் உண்டு. பத்து வண்டிக்கு மேல் இல்லாத உரிமையாளர் பான் எண்ணும் எழுத்து மூலமான உறுதியும் கொடுத்துவிட்டால் அந்தப் பிடித்தம் தேவையில்லை என்பது 2015 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள விதி. ஒற்றை லாரிக்காரர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தெரியாத வரைக்கும் லாபம் யாருக்கு?

மூன்று கை மாறும் வாடகை

ஒரு தொழிற்சாலை சரக்கு அனுப்புகிறது. பெரிய டிரான்ஸ்போர்ட் கம்பெனி காண்டிராக்ட் எடுக்கிறது. அது ஒரு சின்ன கம்பெனிக்குக் கைமாற்றுகிறது. சின்ன கம்பெனி புரோக்கரிடம் வண்டி கேட்கிறது. புரோக்கர் லாரிக்காரரைக் கூப்பிடுகிறார்.

ஒவ்வொரு கையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். தப்பில்லை, லோடு பிடித்துத் தருவதும் உழைப்புதான். ஆனால் மேலே கொடுத்தது எவ்வளவு, கீழே வந்தது எவ்வளவு என்று கடைசி ஆளுக்குத் தெரியவே கூடாது என்று மூடி வைக்கிறார்களே, அதுதான் தப்பு.

'சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம்' என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இன்றைக்கும் சுமைக்கூலி முக்கால் பணம்தான். சுமந்தவன் கைக்கு அந்த முக்கால் வந்து சேருவதில்லை.

காத்திருந்த காசு

சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தது 1983-ல். அன்று முதல் வடசென்னைக்கு டிரெய்லர் லாரிகள் சொந்தமாகிவிட்டன. எண்ணூர் நெடுஞ்சாலையில் பஸ்சில் போகிறவர்களுக்கு அந்த வரிசையைப் பற்றி நாம் சொல்ல வேண்டியதில்லை.

வரிசையில் நிற்கும் டிரெய்லரைப் பார்த்து நாம் திட்டுகிறோம். அந்த டிரைவருக்கு அங்கே நிற்க ஆசையா?

டிரெய்லருக்கு வாடகை டிரிப் கணக்கு. ஸ்ரீபெரும்புதூரில் கண்டெய்னரை ஏற்றித் துறைமுகத்தில் இறக்கினால் இவ்வளவு என்று பேச்சு. ஒரே நாளில் முடிந்தாலும் அதே வாடகை. கேட் வாசலில் இரண்டு நாள் நின்றாலும் அதே வாடகை. நின்ற நாளுக்கு 'ஹால்டிங்' உண்டு என்று வாய்வார்த்தையாகச் சொல்வார்கள். பில் போடும்போது அது மறந்துபோகும்.

துறைமுகத்தில் நெரிசலா? நஷ்டம் லாரிக்காரருக்கு. ஸ்கேனர் வேலை செய்யவில்லையா? நஷ்டம் லாரிக்காரருக்கு. கப்பல் தாமதமா? அதுவும் லாரிக்காரருக்கு. மதுரவாயலில் இருந்து துறைமுகத்துக்குப் பறக்கும் சாலை போட 2009-ல் அடிக்கல் நாட்டினார்கள். 2012-ல் வேலை நின்றது. 2022 மே மாதம் இரண்டாம் முறை அடிக்கல் நாட்டினார்கள். அத்தனை வருஷத் தாமதத்துக்கும் வட்டி கட்டியவர்களில் முதல் ஆள் டிரெய்லர்காரர்.

ஒரு கண்ணில் வெண்ணெய்

இப்போது அந்த ஏட்டு சொன்ன விஷயத்துக்கு வருவோம்.

சுமந்து போகச் சொல்லி ஒப்படைத்த சரக்கை லாரிக்காரர் மோசடி செய்தால், அது நம்பிக்கை மோசடிக் குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 407-வது பிரிவு. 2024 ஜூலை 1-ந் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 316(3). ஏழு வருஷம் வரை ஜெயில். "பாக்கிக்காகத்தான் நிறுத்தி வைத்தேன்" என்று அவர் சொல்லலாம். அது கோர்ட்டில் எடுபடலாம். ஆனால் அந்தத் தீர்ப்பு வருவதற்குள் வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும். டியூ நிற்காது.

மறுபக்கம் பாருங்கள். சரக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பார்ட்டியிடம் கம்பெனி வாடகையை வாங்கிவிட்டது. லாரிக்காரருக்கு மட்டும் கொடுக்கவில்லை. இது 'சிவில் தகராறு'. வக்கீல் வைத்து வழக்குப் போட வேண்டும். மூன்று வருஷத்துக்குள் போடாவிட்டால் அந்த உரிமையும் போச்சு.

20 ஆயிரம் ரூபாய் பாக்கிக்கு எந்த லாரிக்காரர் கோர்ட்டுக்குப் போவார்? வாய்தா நாளில் வண்டியை ஓட்டுவது யார்? இதை நன்றாகத் தெரிந்துகொண்டுதான் சில ஆபீசுகள் பாக்கியை நிறுத்துகின்றன. பத்துப் பேர் பாக்கியில் பதினோராவது ஆளுக்கு அட்வான்ஸ் கொடுத்து வண்டி பிடிக்கிறார்கள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

கடைசியில் ஒரு நாள் ஆபீசைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார்கள். போர்டு மட்டும் தொங்கும். அப்போதுதான் அது போலீசுக்கு 'மோசடி'யாகத் தெரிகிறது. ஒரே ஆபீஸ் மீது ஒன்றன்பின் ஒன்றாகப் புகார் வரும்போதே அதை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தால் என்ன? முதல் புகார் சிவில் என்றே வைத்துக்கொள்வோம். பத்தாவது புகாருமா சிவில்?

கம்பெனி பக்கமும் கேட்போம்

நாம் சில டிரான்ஸ்போர்ட் ஆபீசுகளிலும் விசாரித்தோம். எல்லாரும் அயோக்கியர்கள் இல்லை.

"நாங்க சரக்கு அனுப்புற பெரிய கம்பெனிகள்கிட்ட பில் கொடுத்துட்டு அறுபது நாள், தொண்ணூறு நாள் காத்துக்கிட்டு இருக்கோம். அங்க வந்தாத்தானே இங்க கொடுக்க முடியும்?" என்றார் ஒருவர்.

"பி.ஓ.டி.யைத் தொலைச்சிட்டு வந்து நிக்குறாங்க. அது இல்லாம பார்ட்டி ஒரு பைசா தர மாட்டான்" என்றார் இன்னொருவர்.

சரக்கில் கை வைக்கிற டிரைவர்களும், அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வேறு லோடுக்கு ஓடுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்தச் செய்திகளையும் இதே பக்கத்தில் நாம் போட்டிருக்கிறோம்.

எல்லாம் சரி. ஆனால் பெரிய தொழிற்சாலை மூன்று மாதம் கடன் சொல்கிறது என்றால், அந்தக் கடனைச் சுமக்க வேண்டியது யார்? பாங்கில் ஓவர்டிராப்ட் வசதி உள்ள கம்பெனியா, பைனான்ஸ்காரனுக்குப் பயந்து வண்டியைச் சந்துக்குள் மறைத்து வைக்கும் ஒற்றை லாரிக்காரரா? மேலே இருக்கிறவர்கள் எல்லாரும் தங்கள் கடனைக் கீழே தள்ளிவிட்டுக்கொண்டே வந்தால், கடைசியில் நிற்பவன் நசுங்காமல் என்ன செய்வான்?

நமக்கென்ன என்கிறீர்களா?

பஸ்சுக்கு நிற்கிறவர் கேட்கலாம்: லாரிக்காரன் பாக்கிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் உண்டு. வாடகை வராத லாரிக்காரர் என்ன செய்வார்? ஒரு டிரிப்பில் இரண்டு டிரிப்பு சரக்கை ஏற்றுவார். கிளீனர் வைக்க மாட்டார். தேய்ந்த டயரை இன்னும் ஒரு மாதம் ஓட்டுவார். இரவு முழுக்கக் கண் விழிப்பார். அந்த வண்டிதான் விடியற்காலையில் நம் பஸ்சுக்கு எதிரே வருகிறது.

மோட்டார் தொழிலாளிக்கு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். ஆனால் அது ஐந்து பேராவது வேலை செய்யும் நிறுவனங்களுக்காக வந்தது. தன் வண்டியைத் தானே ஓட்டுகிறவருக்குக் கடிகாரமே கிடையாது.

அதிக பாரம் ஏற்றக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2005-ல் கண்டிப்பாகச் சொன்னது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி அபராதத்தை 20 ஆயிரம் ரூபாயாகவும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2 ஆயிரம் ரூபாயாகவும் உயர்த்தினார்கள். அந்தப் பிரிவு 'ஓட்டியவர்' என்று மட்டும் சொல்லவில்லை. 'ஓட்டச் செய்தவர்', 'ஓட்ட அனுமதித்தவர்' என்றும் சொல்கிறது. செக்போஸ்ட்டில் மாட்டுவது யார்? ஓட்டியவர்தான். ஓட்டச் செய்தவர் ஏ.சி. ரூமில் இருக்கிறார்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் கொடுக்கும் லாரி வாடகை சரக்கு விலையில் சேர்ந்துவிடுகிறது. முழு வாடகையைக் கொடுத்தது நீங்கள். அது வண்டியை ஓட்டியவருக்குப் போகிறதா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லையா?

ஸ்டிரைக் செய்தால் தீருமா?

2018 ஜூலை 20-ந் தேதி முதல் எட்டு நாள் நாடு முழுவதும் லாரி ஸ்டிரைக் நடந்தது. டீசல் விலை, சுங்கம், இன்சூரன்ஸ் பிரீமியம் ஆகியவை பெரிய கோரிக்கைகள். எல்லாம் சர்க்காரிடம் கேட்பவை. கம்பெனியிடம் கேட்க வேண்டிய பாக்கி வாடகை அந்த இரைச்சலில் காணாமல் போனது. கம்பெனிக்காரரும் ஒற்றை லாரிக்காரரும் ஒரே கொடியின் கீழ் நின்றால், ஒருவருக்கு எதிராக மற்றவர் எப்படிக் கோஷம் போட முடியும்?

2025 மார்ச் 27-ந் தேதி தென் மாநில காஸ் டேங்கர் லாரி உரிமையாளர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். எண்ணெய்க் கம்பெனிகளின் புதிய டெண்டர் நிபந்தனைகளை எதிர்த்து நடந்த போராட்டம் அது. சில நாட்களில் பேச்சு நடந்து வண்டி ஓடியது. அவர்களுக்கு எதிரே உட்கார ஒரு கம்பெனி இருந்தது. எதிர்ப்பதற்கு எழுத்தில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. மஞ்சள் பைக்காரரிடம் இரண்டும் இல்லை. அவர் யாரை எதிர்த்து ஸ்டிரைக் செய்வது?

அமெரிக்காவிலும் இதே கதை

சொந்த லாரியைக் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டு ஓட்டுகிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். அங்கேயும் ஏமாற்று நடந்தது. 1970-களின் கடைசியிலேயே மத்திய சர்க்கார் விதி போட்டது.

குத்தகை எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை எவ்வளவு என்று அதில் தெளிவாகப் போட வேண்டும். தேவையான காகிதங்களைக் கொடுத்த 15 நாளில் பணம் தர வேண்டும். சதவிகிதக் கணக்கில் வாடகை என்றால், பார்ட்டிக்குப் போட்ட பில்லின் நகலை லாரிக்காரருக்குக் காட்ட வேண்டும். எதை எதைப் பிடிப்போம் என்று முன்கூட்டியே எழுத வேண்டும்.

அதனால் அங்கே தகராறு ஒழிந்துவிட்டதா? இல்லை. 2019 ஜனவரி 15-ந் தேதி அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்பு சொன்னது. 'நீ தொழிலாளி இல்லை, சுயேச்சை காண்டிராக்டர். கோர்ட்டுக்கு வரக்கூடாது, நடுவரிடம்தான் போக வேண்டும்' என்று நியூ பிரைம் என்ற லாரி கம்பெனி வாதாடியது. சுயேச்சைக்காரர் என்பதற்காகக் கோர்ட்டுக் கதவை அடைக்க முடியாது என்று நீதிபதிகள் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். வழக்குப் போட அங்கே கையில் காகிதம் இருந்தது. அதுதான் வித்தியாசம்.

இங்கேயும் ஆயுதம் இருக்கிறது

நம் நாட்டில் 1865-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்துக்குப் பதிலாக 2007-ல் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. 2011 மார்ச்சில் அமலானது. புக்கிங் ஆபீஸ், புரோக்கர் எல்லாரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. சரக்குக்கு யார் பொறுப்பு, நஷ்டஈடு எவ்வளவு என்றெல்லாம் விவரமாகச் சொல்கிறது. வண்டிக்காரருக்கு எத்தனை நாளில் வாடகை தர வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. சரக்குக்குப் பாதுகாப்பு உண்டு, சுமக்கிறவனுக்கு இல்லை.

ஆனால் இன்னொரு சட்டம் இருக்கிறது. லாரிக்காரர்கள் கவனிக்க வேண்டும். 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம். சேவைத் தொழிலும் அதில் அடங்கும். ஒரு லாரி வைத்திருப்பவரும் 'உத்யம்' பதிவு செய்துகொள்ளலாம். ஆதார், பான் இருந்தால் போதும். கட்டணம் கிடையாது.

பதிவு செய்தவருக்கு என்ன லாபம்?

எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். அதற்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் பாங்கு வட்டி விகிதத்தின் மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. வேலையில் குறை இருந்தால் 15 நாளுக்குள் எழுத்து மூலம் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் கழித்து 'ஷார்ட்டேஜ்' என்று வாயால் சொல்வதை இந்த விதியைக் காட்டி மறுக்கலாம்.

பணம் வராவிட்டால் இதற்கென்று உள்ள கவுன்சிலில் மனுக் கொடுக்கலாம். 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். கவுன்சில் முடிவை எதிர்த்து கம்பெனி கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால், முதலில் தொகையில் 75 சதவிகிதத்தைக் கட்ட வேண்டும். 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரித் திருத்தப்படி, குறு, சிறு தொழில்காரருக்குக் கெடு தாண்டியும் தராத பணத்தைக் கம்பெனி அந்த வருஷச் செலவாகக் காட்டி வரிக் கழிவு பெற முடியாது.

ஒரு எச்சரிக்கை. லோடு அடித்துவிட்டுப் பிறகு பதிவு செய்தால் சிக்கல். முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2021-ல் சொல்லியிருக்கிறது. எனவே இன்றே செய்யுங்கள்.

செக் வாங்கியிருந்து அது திரும்பினால், பாங்கு தகவல் தந்த 30 நாளில் நோட்டீஸ் விட வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் ஒரு மாதத்துக்குள் கிரிமினல் வழக்குப் போடலாம். "அப்புறம் போட்டுக்கலாம்" என்று பெட்டியில் வைத்த செக் வெறும் காகிதம்.

செய்ய வேண்டியது என்ன?

நாம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஒரு சீட்டு கேட்கிறோம். ஒழுங்கான, கையெழுத்துப் போட்ட சீட்டு.

லோடு ஏற்றும்போதே அதில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும். மொத்த வாடகை எவ்வளவு? அட்வான்ஸ் எவ்வளவு? பாக்கி எந்தத் தேதிக்குள்? ஹால்டிங் நாளைக்கு எவ்வளவு? எந்த எந்தப் பிடித்தத்துக்கு என்ன ஆதாரம் காட்டப்படும்? கம்பெனி பெயரும் பதிவு எண்ணும் சீட்டின் தலையில் இருக்க வேண்டும்.

இந்தச் சீட்டு இல்லாமல் லோடு ஏற்றக்கூடாது என்று சர்க்கார் விதி போட வேண்டும். 2007 சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்க்க டில்லி முன்வர வேண்டும். அதுவரை, பதிவு இல்லாமல் போர்டு மாட்டியிருக்கும் ஆபீசுகளை ஆர்.டி.ஓ. அதிகாரிகள் ஒரு தரம் சுற்றி வந்து பார்க்கட்டும்.

போலீஸ் கமிஷனர் ஒரு உத்தரவு போடலாம். வாடகைப் புகார் வந்தால் 'சிவில்' என்று திருப்பி அனுப்பாமல், முதலில் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்கட்டும். ஒரே ஆபீஸ் மீது புகார் குவிந்தால் மோசடிக் கோணத்தில் விசாரிக்கட்டும்.

லாரி உரிமையாளர் சங்கங்களுக்கும் வேலை இருக்கிறது. டீசலுக்காக ஊர்வலம் போவது சரி. பாக்கி நிறுத்தும் ஆபீசில் சங்க உறுப்பினர் தலைவராகவோ பொருளாளராகவோ உட்கார்ந்திருந்தால் அவரையும் கேளுங்கள். உறுப்பினர்களுக்கு உத்யம் பதிவு செய்து கொடுக்க வாரம் ஒரு நாள் ஒரு மேஜை போடுங்கள்.

லாரிக்காரர்களே, நீங்களும் மாற வேண்டும். "தெரிஞ்ச ஆபீஸ்தானே" என்று வாய்வார்த்தையை நம்பி வண்டியைக் கிளப்பாதீர்கள். பேசியதை ஒரு வரியாக போனில் மெசேஜ் அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். பி.ஓ.டி.யைக் கொடுக்கும் முன் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

அந்த மஞ்சள் பையை நினைத்துப் பாருங்கள். அதில் சீட்டுகளுக்குப் பஞ்சமில்லை. கோர்ட்டில் செல்லுபடியாகும் சீட்டு ஒன்றுகூட இல்லை. பதினோரு டிரிப்பு சரக்கு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. ஓட்டியவரின் கூலிதான் வழியில் காணாமல் போனது.

சரக்கு காணாமல் போனால் தேடுவதற்குப் போலீஸ் இருக்கிறது. கூலி காணாமல் போனால் தேடுவது யார்?

சர்க்கார் பதில் சொல்லட்டும்.